பச்சை விளக்கும் எனக்கு வைத்த ஒப்பாரியும்

என் சாவுக்கு வைத்த ஒப்பாரியை வாசலில் நின்று காது குளிரக் கேட்டவள் நான். (நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்லக் கூடாது.)

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வெந்துகொண்டிருந்தேன். அந்தச் சூட்டிலிருந்து தப்ப ஒரே வழி முதலுதவி அறை வேலை. அதற்கு, நின்றுபோன நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பரீட்சையில் தேற வேண்டும். பழகுவதற்கு ஆள் உயர ரப்பர் பொம்மை ஒன்று இருந்தது. மூடிய கண்கள். யாரோ செத்துப்போன பெண்ணின் முகமாம். அதோடு பேட்டரியில் எரியும் ஒரு விளக்குப் பெட்டி. சரியாக அழுத்தினால் பச்சை, தப்பினால் சிவப்பு. எனக்கு வாரம் முழுக்கச் சிவப்புதான். திங்கட்கிழமை பரீட்சை. சொல்லிக்கொடுத்த தாமஸ் அண்ணனிடம் கெஞ்சி, பொம்மையைச் சனிக்கிழமை சிலிபினில் இருந்த எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

அப்பாவும் அம்மாவும் தைப்பிங் ஊருக்குப் போயிருந்தார்கள். வெற்று மார்போடு கிடந்த பொம்மையைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் என் பெயர் தைத்த தொழிற்சாலைச் சட்டையை மாட்டிவிட்டேன். (அறிவு அவ்வளவுதான்.) பிற்பகல் மழையில் வீடு இருண்டது, மின்சாரமும் போனது. கண்ணை மூடிக்கொண்டே அது என்னைப் பார்ப்பது போலிருந்தது. முகத்தை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, கதவைச் சாத்தாமல் முனைக் கடைக்கு மெழுகுவத்தி வாங்க ஓடினேன். மழை அரை மணி நேரம் என்னை அங்கேயே பிடித்துவைத்துவிட்டது.

திரும்பி வந்தால் வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். உள்ளே பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தையின் குரல். ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே அவர் ஒப்பாரிக்குப் பேர் போனவர்.

“வேலைக்குப் போன புள்ள வெறச்சுக் கெடக்குதே,
வெள்ளத் துணிக்குள்ள சரசு போயிட்டாளே...”

சரசு நான்தான். வழியில் வழுக்கி விழுந்து நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டேனோ? கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பட்டது. ஆனாலும் உள்ளே போகத் துணிவில்லாமல் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

முகத்துணியை விலக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை போலும். அத்தை பொம்மையின் மார்பில் இரண்டு கையையும் ஊன்றி, மொத்த உடம்பையும் சாய்த்து, பாட்டின் தாளத்துக்கு உலுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் உலுக்கலுக்கும் இருட்டில் பச்சை வெளிச்சம் எழுந்து அடங்கியது. மற்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

“அக்கா, உசுரு வந்து வந்து போவுது பாருங்க,” என்றாள் ஒருத்தி.

எனக்குப் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது. ஒரு வாரமாக என்னிடம் முறைத்த பெட்டி, அத்தைக்கு மட்டும் தவறாமல் பச்சை காட்டுகிறது.

“அத்தை, எப்படி அழுத்துறீங்க?” என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

கூட்டத்துக்குப் பின்கதவு போதவில்லை. அத்தை மட்டும் ஓடவில்லை, மயங்கிவிட்டார். தெளிந்ததும் பொம்மையையும் என்னையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்த என்னை அறைந்தார். அறைந்த கையாலேயே கட்டிக்கொண்டு அழுதார். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் அழுத்தலே சிவப்பு. இரண்டாவதும். தாமஸ் அண்ணன் பேனாவை மூடினார். வேறு வழியில்லாமல் அத்தையின் ஒப்பாரியை முனகிக்கொண்டே சாய்ந்தேன். பச்சை. மறுபடியும் பச்சை.

“என்னம்மா முனகுற?”

“எண்ணுறேன் அண்ணே.”

வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, லோரி ஓட்டும் மாணிக்கம் அண்ணன் தொழிற்சாலை வாசலில் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். மூச்சில்லை, நாடியில்லை. சரியா தப்பா என்று சொல்ல அங்கே விளக்கும் இல்லை. இந்த முறை வாய்விட்டே பாடி அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தபோது நாடி திரும்பியிருந்தது.

சில நாள் கழித்து அவர் மனைவி முதலுதவி அறைக்கு வந்தார். கையில் பழம், முகத்தில் இடி.

“கண்ணு முழிச்சதிலேர்ந்து ‘சரசு போயிட்டாளா, சரசு போயிட்டாளா’ன்னு ஒரே பொலம்பல். யாருலா அந்தச் சரசு?”

சட்டையில் தைத்திருந்த என் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டேன். கடைசியில் முழு ஒப்பாரியையும் பாடிக் காட்டித்தான் தப்பித்தேன்.

இன்றைக்கும் தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மாணிக்கம் அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றுவார். அவர் மனைவிதான் கேட்டிலிருந்தே குரல் கொடுப்பார்:

“சரசு, இருக்கியா, போயிட்டியா?”