பனி உருகிய தேதி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. நானும் அந்தக் காட்டுக்காரன்தான், நரி. கதையில் வரும் முட்டாளும் நானே, அதனால் வேறு யாரையும் தேட வேண்டாம்.

குளக்கரையில் தினமும் தள்ளுமுள்ளு. காட்டுப்பன்றிகள் முண்டியடித்துக் குடித்தன, மான்களுக்குக் கலங்கல்தான் மிஞ்சியது. இதை முறைப்படுத்த வழி தெரிந்துகொண்டு வரச் சொல்லி, சிங்கராஜா என்னைப் பனிக்கரடி நாட்டுக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாள் பயணம். பதினொரு நாள் மீன் சாப்பிட்டேன். கடைசி நாள் அவர்களுடைய குளச் சட்டத்தை அப்படியே எழுதி எடுத்து வந்தேன். ஓர் எழுத்துகூட மாற்றவில்லை என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

குளத்துக்கு வேலி வந்தது. வாசலில் ஆமை உட்கார்ந்து படிவம் கொடுத்தது. அதில் ஏழாவது கட்டம்: 'குளத்தின் பனிக்கட்டி உருகிய தேதி.' அதை நிரப்பினால்தான் வேலி திறக்கும்.

சித்திரை வெயில். புள்ளிமான் தன் குட்டியோடு வரிசையில் நின்றது. குட்டிக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஏழாவது கட்டத்தில் மான் 'பனியே இல்லை' என்று எழுதியது. தேதிதான் வேண்டும் என்று ஆமை திருப்பிக் கொடுத்துவிட்டது.

"நரியண்ணே, நம்ம காட்டுல எந்தக் காலத்துல பனிக்கட்டி கெடந்துச்சு?" என்று மான் என்னைக் கேட்டது.

எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கட்டத்தை அடித்துவிடலாமா என்று ராஜாவிடம் போய்க் கேட்டேன்.

"கரடி நாட்டுல அந்தக் கட்டம் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப இருக்கட்டும். அவங்க என்ன நம்மள மாதிரியா?"

அதற்கு மேல் பேச எனக்குத் துணிவில்லை. யானையைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கரடி நாட்டுக்குப் போனேன். கிளம்பும்போது குளத்தில் முழங்காலளவு தண்ணீர் இருந்தது. ஒரு பெரிய பனிக்கட்டியை யானை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். எங்கள் எல்லையைத் தொட்டபோது அது முழுக்க உருகிவிட்டது. ஓடிப்போய்த் தேதியைச் சொன்னேன். ஆமை முத்திரை குத்தியது, ராஜா ரிப்பன் வெட்டினார், வேலி திறந்தது.

உள்ளே சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அதுவரை காட்டுவாழைத் தண்டைக் கடித்துக் கொடுத்தே மான் தன் குட்டியைக் காப்பாற்றியிருந்தது. அன்று யானை மண்டியிட, குட்டி அதன் நனைந்த முதுகை நக்கியது. பிறகு மானும் குட்டியும் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டன. என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நான் ராஜாவுக்கு அறிக்கை எழுதினேன்: 'சட்டம் வந்த பிறகு, பனி உடைந்து நம் குளத்தில் ஒருவர்கூட விழவில்லை.' ராஜாவுக்குப் பரம திருப்தி.

நீதி: வெளிநாட்டுச் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் போதாது, அந்த நாட்டுக் குளிரையும் கொண்டுவர வேண்டும். அதற்கு இன்னொரு பயணம் போக வேண்டியிருக்கும். நான் தயார்.