மூன்று இருமலும் ஒரு கொலை வழக்கும்

மெல்ராம், விஸ்கான்சின்
சனிக்கிழமை காலை

அன்புள்ள தங்கை மார்லிஸுக்கு,

அண்ணன் வெர்லின் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை ஹெர்பும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நான் நலம், உன் அண்ணி பெவர்லி நலம், நாயும் நலம். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்துவிட்டேன். இனி உன்னைத் திட்டப் போகிறேன். கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் கர்ட் லிண்டால்மேல் போட்ட கொலை வழக்கில் ஜூரியாக உட்கார்ந்து நாலு வாரம் ஆகியிருந்தது. வழக்கைப் பற்றிப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது நீதிபதியின் உத்தரவு என்று உனக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். நீ கேட்டாயா? "வாயத் தொறக்கவே வேணாம்ணா. ஒருதரம் இருமினா அவன் கொன்னான்னு அர்த்தம். ரெண்டுதரம் இருமினா கொல்லல. அவ்ளோதான்" என்றாய். எனக்கு ஒரு வாரமாகச் சளி. நீதிமன்றத்தில் குளிர்காற்று இயந்திரத்தை எனக்கு நேர் மேலே வைத்திருக்கிறார்கள். இருமலை அடக்கி அடக்கிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். மூன்று முறை இருமிவிட்டேன். "சரி சரி, புரிஞ்சுது" என்று போனை வைத்துவிட்டாய். என்னடி புரிந்தது உனக்கு? மூன்றுக்கு நீ அர்த்தமே சொல்லவில்லையே!

அதோடு விட்டாயா? நம் பெரியப்பா மகள் ஆர்டிஸுக்குச் சொன்னாய். ஆர்டிஸ் இங்கே முடி திருத்தும் லவான்னாவுக்குச் சொன்னாள். லவான்னாவிடம் ஒன்றைச் சொல்வதும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று கத்துவதும் ஒன்று. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நான் தெருவில் நடந்தால் ஆள் ஆளுக்கு என் தொண்டையைப் பார்க்கிறார்கள். வங்கி வாசலில் ஒருவன் என்னைக் கண்டதும் தானே மூன்று முறை இருமிக் காட்டிக் கண்ணடித்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஊர் வாயைத் திறந்து வைத்தவள் என் கூடப்பிறந்தவள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

உனக்கு நடந்தது முழுதாகத் தெரியாது, சொல்கிறேன். தீவன ஆலை முதலாளி ஆர்டெல் ஃபென்ஸ்கே பிப்ரவரியில் உறைந்த ஏரிமேல் தன் மீன்பிடிக் குடிலுக்குள் செத்துக் கிடந்தார். பனிக்கட்டியில் துளை போடும் கடப்பாரையால் தலையில் அடி. மருமகன் கர்ட்தான் அடித்தான் என்பது அரசுத் தரப்பு. அன்று சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் அவன் வண்டி குடில் பக்கத்தில் நின்றதை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். போனேன், ஆலையைப் பற்றிச் சண்டை போட்டேன், அவர் உயிரோடு இருக்கும்போதே திரும்பிவிட்டேன் என்கிறான் அவன். ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை அவன் முன்னாள் படைவீரர் மன்றத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இருநூறு பேர் நடுவில் இருந்தான். இதற்குத்தான் இருபத்து மூன்று நாள் சாட்சி விசாரணை.

பதினான்கு பேர் உட்கார்ந்து கேட்டோம். யாருக்காவது நோய் நொடி வந்தால் என்று இரண்டு பேர் கூடுதல். ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்பது கடைசி நாள்வரை எங்களுக்கே தெரியாது, சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். நேற்று வெள்ளிக்கிழமை வக்கீல்கள் பேசி முடித்து, நீதிபதி ஒரு மணி நேரம் சட்டம் படித்து முடித்ததும் குலுக்கல். நீதிமன்றத்து உருளைக்குப் பிடி உடைந்துபோயிற்றாம். மாதா கோயிலில் பிங்கோ பரிசுச் சீட்டு உருட்டுகிற கம்பிக் கூண்டை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். நாற்பது வருஷமாக அந்தக் கூண்டு உருளுவதைப் பார்க்கிறேன், ஒரு வான்கோழி, ஒரு பன்றித்தொடை, ஒரு குக்கீஸ் டப்பாகூட எனக்கு விழுந்ததில்லை. நேற்று முதல் சீட்டே என் பெயர். "மிஸ்டர் ஓஸ்டர்ஹாஸ், உங்க சேவைக்கு நன்றி, நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் நீதிபதி. மற்ற பன்னிரண்டு பேர் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருவன் மத்தியானத்துக்குமேல் கண் திறந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி நோட்டுப் புத்தகம் முழுக்கப் பூசணிக்காய் வரைந்தாள். நான் மூன்று நோட்டு நிறைய எழுதினேன். அதையும் வாங்கிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, தீர்ப்பு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாதாம், தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். கல்யாணத்துக்கு வந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டு, சாப்பாடு எப்படி என்று யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் டாட்டி கடையில் பழம் வைத்துச் சுட்ட பை ஒன்று சாப்பிடலாம் என்று நுழைந்தேன். கல்லாப்பெட்டி பக்கத்தில் இரண்டு ஊறுகாய் ஜாடி. ஒன்றில் 'குற்றவாளி', ஒன்றில் 'நிரபராதி' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு காய்ந்த பீன்ஸை எடுத்து ஏதாவது ஒன்றில் போடுகிறான். குற்றவாளி ஜாடி கழுத்துவரை நிறைந்துவிட்டது. நிரபராதி ஜாடியில் பதினோரு பீன்ஸ். அந்தப் பதினொன்றும் கர்ட்டின் அம்மா வந்து போட்டதாம், சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நம் பக்கத்து வீட்டு கோர்டி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து எனக்கு வழக்கை விளக்குகிறான், மார்லிஸ்! எனக்கு! நீதிமன்றப் படியில் கால் வைக்காதவன்!

"யோவ் வெர்லின், நான் சொல்றேன் கேளு. மாமனார் எழவுச் சாப்பாட்டுல ஹாம் சான்ட்விச்ச ரெண்டாந்தரம் எடுத்துத் தின்னான்யா அவன். உருளைக்கெழங்கு சாலடும் வாங்கிக்கிட்டான். துக்கம் இருக்கறவனுக்குத் தொண்டைல எறங்குமா?"

நான் உப்புக் குப்பியின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"அது கெடக்கட்டும். எதிர்ல வண்டி வந்தா ஸ்டீயரிங்ல இருந்து ஒத்த விரல் தூக்கி வணக்கம் சொல்றது மனுச லட்சணமா இல்லயா? அஞ்சு வருசமா அவன் எம் பக்கம் விரலே தூக்கினதில்ல. அப்பவே எனக்குத் தெரியும், இவன் ஒருநாள் யாரையாவது போடுவான்னு."

இதுதான் சாட்சி. இருபத்து மூன்று நாள் பிரேதப் பரிசோதனை, ரத்தக் கறை, வண்டிச் சக்கரத் தடம் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வீண். விரல் தூக்கவில்லை, ஆகவே கொலைகாரன். மேசைக்கு மேசை இதே நீதிமன்றம்தான். பை கொண்டுவந்த டாட்டி, "வெர்லினுக்கு மட்டும் உண்ம தெரியும். அவரு இருமுவாரு, எண்ணிக்குங்க" என்றாள். கடையே கைதட்டிச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டை அரித்தது. பையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பாதிப் பை மேசையிலேயே போயிற்று, செர்ரிப் பை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? உன் அண்ணி நான் சட்டையைக் கழற்றுமுன், "எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாங்க, நான் கேக்கவே மாட்டேன். ஆனா எங்க தையல் குழுவுல எல்லாரும் அவன்தான் பண்ணினான்னு சொல்றாங்க, நீங்க மூஞ்சிய மட்டும் இப்படித் திருப்புங்க" என்கிறாள். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீட்லோஃப் சாப்பிட்டேன்.

இப்போது நீ செய்ததன் பலனைச் சொல்கிறேன், கேள். நேற்றுச் சாயங்காலம் இருமல் மருந்து வாங்கக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் கார்லா லிண்டால். செத்தவர் அவள் அப்பா. கூண்டில் நிற்பவன் அவள் புருஷன். சாட்சிப் பட்டியலில் அவள் பெயர் இருந்ததால் அவளை நீதிமன்ற அறைக்குள் விடவில்லை. இருபத்து மூன்று நாளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் பதினான்கு பேரும் தினம் அவளைத் தாண்டித்தான் உள்ளே போவோம். நேற்று அவள் கையில் ஒரு கேலன் பாலும் ஒரு சோளப்பொரி டப்பாவும். அவள் நின்ற இடத்தைச் சுற்றி ஒருவரும் பேசவில்லை. காசு வாங்குகிற பெண்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கார்லா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க தெனமும் மூணு நோட்டக் கைல இடுக்கிக்கிட்டுப் போறவர்தானே?"

தலையாட்டினேன்.

"உள்ள என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது சார். அப்பாகிட்ட கேக்க முடியாது. கர்ட்கிட்ட கேட்டா அழறான். ஊர்ல எல்லாரும் பேசறாங்க, ஆனா யாரும் எங்கிட்ட பேசறதில்ல." குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீங்க மூணு தரம் இருமினீங்களாமே. அதுக்கு என்ன அர்த்தம்?"

கிண்டல் இல்லை மார்லிஸ். நிஜமாகவே கேட்டாள். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் புருஷன் சட்டையை மடித்து வைக்கலாமா, எரிக்கலாமா என்று தெரியாத ஒருத்தி, உன் முட்டாள்தனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சூப் டப்பாவின் லேபிளைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மருந்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தேன். என்மேல் கோபம், உன்மேல் கோபம், அந்தக் கம்பிக் கூண்டின்மேல் கோபம்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். சொல்லக் கூடாதுதான், ஆனால் இதற்குமேல் அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும். அவன் கொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் வீடு வீடாகக் கணப்பு ரிப்பேர் செய்தவன் சொல்கிறேன். ஆர்டெல் குடிலில் ஒரு காஸ் கணப்பு. அவர் பகல் பன்னிரண்டு மணிக்கு ஏரிக்குப் போனார். அந்த அளவு சிலிண்டர் எட்டு மணி நேரம் எரியும், ஆகவே ராத்திரி எட்டு மணிக்குத் தீரும். காலியான சிலிண்டர் வெளியே பனியில் கிடந்தது. இரண்டாவது சிலிண்டர் உள்ளே மாட்டியிருந்தது. ஐந்து மணிக்குச் செத்தவர் எட்டு மணிக்கு எழுந்து சிலிண்டர் மாற்றினாரா? எட்டு மணிக்கு கர்ட் மீன் தின்றுகொண்டிருந்தான். இரண்டு வக்கீலில் ஒருவனுக்காவது இது உறைத்ததா? இல்லை. அந்தப் பன்னிரண்டு மர மண்டைகளில் ஒன்றுக்காவது உறைக்குமா? உறைக்காது. என்னை உள்ளே விட்டிருந்தால் ஐந்தே நிமிஷம். கையில் காபி ஆறுவதற்குள் அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருப்பான். இப்போது ஆயுள் முழுக்க உள்ளே கிடக்கப் போகிறான், முப்பத்தொரு வயதில்.

திட்டித் தீர்த்தாகிவிட்டது. இருந்தாலும் நீ என் ஒரே தங்கை, பிழைத்துப் போ. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு நீங்கள் வந்தால் வான்கோழி உண்டு, உன் வாய்க்குப் பிளாஸ்திரியும் உண்டு.

உன் அண்ணன்,
வெர்லின்

பின்குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மத்தியானம் நீதிமன்ற குமாஸ்தா மிஸஸ் டீட்ஸ் போன் செய்தார். ஏழாம் நம்பர் ஜூரர் மான் வேட்டைக்கு மரத்தில் மேடை கட்டப் போய்க் கீழே விழுந்து இடுப்பு முறிந்துவிட்டதாம். என்னோடு வெளியே அனுப்பப்பட்ட இன்னொருத்தி நேற்றே உள்ளூர் ரேடியோவில் அரைமணி நேரம் பேசிவிட்டாளாம். மீதி நான்தான்.

"கேஸப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா, மிஸ்டர் ஓஸ்டர்ஹாஸ்?"

"இல்லம்மா."

"யாராவது உங்ககிட்ட கேட்டாங்களா?"

"ஊரே கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருமினேன்."

"மருந்து சாப்புடுங்க. நாளைக்குக் காலைல எட்டரைக்கு வந்துடுங்க. நீதிபதி மறுபடி கேப்பார்" என்றார்.

நான் குதித்திருக்க வேண்டும், மார்லிஸ். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஆர்டெல் வீட்டுக் கணப்பை நான்தான் ரிப்பேர் செய்வேன். அவரைப் போல ஒரு கஞ்சனைப் பார்த்ததில்லை. பாதி தீர்ந்த சிலிண்டரை ஒருநாளும் தூக்கிப் போட மாட்டார், அடுத்த தடவைக்கு அதையேதான் மாட்டுவார். அன்று பகல் பன்னிரண்டுக்கு அவர் மாட்டியது முழு சிலிண்டர் என்று யார் சொன்னது? ஒரு சாட்சியும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், எனக்கே. பாதி சிலிண்டர் என்றால் நாலு மணிக்குத் தீர்ந்திருக்கும். அவரே மாற்றியிருப்பார். ஐந்து மணிக்கு கர்ட் வந்தான்.

நாளை நீதிபதியிடம் இப்படி ஒரு கடிதம் எழுதினேன், அனுப்பவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். "அப்ப நீங்க வேணாம், வீட்டுக்குப் போங்க" என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருக்கிறது. சொல்லாவிட்டால் அந்த பெஞ்சைத் தாண்டி உள்ளே போக வேண்டும், கார்லா அங்கே இருப்பாள்.

இதைத் தீர்ப்பு வந்த பிறகுதான் தபாலில் போடுவேன். எந்தத் தீர்ப்பாக இருந்தாலும் எனக்குப் போன் செய்யாதே. அவன் கொன்றானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று மத்தியானம் வரைக்கும் தெரிந்திருந்தது.