ஓசிக் காற்று

அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர்: ஓய்வு பெற்ற சர்வேயர், அவருடைய மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மனைவியின் தம்பி. இவர்களுக்கு நடுவில் ஒரு ஜீப் நின்றது. எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த தையல்காரரைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் இருந்தவர் அல்ல, பார்த்தவர். இந்த விஷயத்தில் தெருவில் உலவும் பேச்சு எல்லாம் அந்த மாடியிலிருந்து கிளம்பியதுதான்.

ஜீப் சம்பந்தி வீட்டுடையது. சம்பந்தி என்பதுகூடக் கொஞ்சம் அவசரப்பட்ட சொல். மகளுக்குப் பார்த்த இடம். இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. ஆனால் யாரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முந்தின நாள், அக்கரையில் இருக்கும் அவர்கள் தோட்டத்தைப் பார்க்க நால்வரையும் அவர்களுடைய டிரைவர் ஜீப்பில் அழைத்துப் போனார். ஆற்றைக் கடக்கும் வழி முழுக்க மணல். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க டயரின் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டுமாம். டிரைவர் இறங்கி, நாலு டயரிலும் முப்பத்திரண்டு பவுண்டில் இருந்த காற்றைப் பதினாறுக்கு இறக்கினார்.

திரும்பும்போது டிரைவரை வைத்துக்கொண்டு ஜீப்பை மட்டும் கொடுத்தனுப்பினார் பையனின் அப்பா. மச்சான் ஓட்டினார். பெண்கள் பின்னால் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த சர்வேயரிடம் குனிந்து பையனின் அப்பா ஏதோ சொன்னார். என்ஜின் உறுமலில் முழுசாக விழவில்லை. விழுந்தது இவ்வளவு: "நாளைக்கு... நல்லா காத்து வாங்கிட்டு... வண்டிய..."

சர்வேயருக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது.

"வாங்கிட்டுன்னா சொன்னாரு?" என்றாள் மனைவி, காலையில் வாசலில்.

"என் காதால கேட்டேன். சும்மா சொல்றவரா இருந்தா 'காத்து அடிச்சு'ன்னு சொல்லியிருப்பாரு. 'வாங்கிட்டு'ன்னா என்ன அர்த்தம்? எங்கயாவது போய்க் கை நீட்டி வாங்கிட்டு வாங்கன்னு அர்த்தம். வண்டிய எப்படித் திருப்பிக் கொடுக்குறோம்னு பாத்துத்தான் பொண்ணு எடுக்கப் போறாங்க."

"பெட்ரோல் பங்க்ல சும்மாவே அடிச்சுத் தருவாங்கப்பா," என்றாள் மகள்.

"சம்பந்தி வண்டிக்கு ஓசிக் காத்தா? நம்ம குடும்பம் இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் வாங்கினதில்ல. காத்தையா வாங்கப் போறோம்? வீட்டுக் காத்தத்தான் அடிச்சுக் கொடுக்கணும்."

முப்பது வருஷம் நிலம் அளந்தவர். அரை அடிக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்ட இடத்திலெல்லாம் அவர் வைத்த கல்லை எவரும் அசைத்ததில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மச்சான் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு பழைய தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார்.

"என்னடா இது, முடிவெட்டுற பெட்டியா?" என்றாள் அக்கா.

"செட்டுக்கா! காடு மேடு போறவன் எல்லாம் பெரிய கம்ப்ரசர் வாங்கி ஏமாறுறான். இங்க பாரு: கைக்கு அடக்கமா ஒரு பம்பு. செடிக்குத் தண்ணி விடுற குழாய்ல வெட்டின துண்டு. ஒரு மீட்டர். ரெண்டு கவ்வி. எல்லாமே மலிவு. எங்க வேணா தூக்கிட்டுப் போலாம்."

"வேலை செய்யுமா?"

"அத்தான், என்ன கேள்வி இது!"

பம்பின் ஒயரை ஜீப்புக்குள் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினார். பம்பு ஒரு முறை இருமியது. டாஷ்போர்டுக்குள் 'டப்' என்றது. அதற்குப் பிறகு பம்பும் ஓடவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை.

"ஃபியூஸ் போயிருச்சு. பரவாயில்ல, நேரா பேட்டரில மாட்டிருவோம்."

கவ்விகளை பேட்டரியில் கடிக்கவிட்டதும் பம்பு ஓடியது. தெருவே ஓடியதுபோல் சத்தம். சர்வேயர் நாற்காலி போட்டு மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரத்தில் முதல் டயர் முப்பத்திரண்டைத் தொட்டது. இரண்டாவது டயர் இருபத்து நாலுக்கு வந்தபோது பம்பின் குரல் கம்மியது. பிறகு நின்றது.

மச்சான் சாவியைத் திருகினார். ஜீப் முனகக்கூட இல்லை.

"என்ஜின ஓடவிட்டுக்கிட்டே அடிச்சிருக்கணுமோ?" என்றாள் மகள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன் மாமா. பம்பு சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. "அவருதான்ப்பா."

"எடுக்காத! காத்து அடிச்சாச்சான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ? ஹாரன் போச்சு, பேட்டரி போச்சுன்னா?" சர்வேயர் ஃபோனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி பதினொன்றேகால்.

மச்சானுக்கு அடுத்த யோசனை பிறந்தது. ஸ்டெப்னி டயரில் முப்பத்திரண்டு இருந்தது. குழாயின் ஒரு முனையை ஸ்டெப்னியிலும் மறு முனையை இரண்டாவது டயரிலும் செருகினார். காற்று சீறிக்கொண்டு போய், இரண்டும் இருபத்தெட்டில் நின்றன.

"பாகப்பிரிவினை ஆயிருச்சு," என்றாள் மனைவி. "முன்னாடி நாலு டயர்லதான் குறை. இப்ப ஸ்டெப்னியிலயும் குறை."

சர்வேயர் தன் பழைய அளவு நாடாவைக் கொண்டுவந்து, தரையிலிருந்து சக்கரத்தின் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். முன்பக்கம் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை.

"நாலும் ஒரே அளவா இருக்கணும். முதல் டயர இருபத்தெட்டுக்கு இறக்கு."

"அத்தான், ரெண்டரை மணி நேரம் உயிரக் கொடுத்து ஏத்தினது!"

"கோணலா திருப்பிக் கொடுக்குறது நமக்குப் பழக்கமில்ல. இறக்கு."

இறக்கினார். ஃபோன் மறுபடி அடித்தது. சர்வேயர் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பின்பக்க டயர்களுக்குப் பரணிலிருந்து கால் பம்பு இறங்கியது. சைக்கிளுக்கு வாங்கியது. நால்வரும் ஆளுக்கு நூறு மிதி என்று முறை போட்டு மிதித்தார்கள். எண்ணூறாவது மிதியில் சர்வேயரின் பேன்ட் பின்னால் கிழிந்தது. அவர் நிறுத்தவில்லை. உள்ளே போய் வேறு பேன்ட் மாற்றி வந்து, விட்ட எண்ணிலிருந்து மிதித்தார். மூன்றாவது டயர் இருபத்தெட்டைத் தொட்ட அதே மிதியில் பம்பும் பிளந்தது.

மிஞ்சியது நாலாவது டயர். அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன் பேர்வழி என்று மச்சான் வால்வைத் திருகினார். திருகக் கூடாததைத் திருகிவிட்டார். உள்ளே இருந்த சின்ன ஊசி துள்ளி எழுந்து, வெயிலில் ஒரு மின்னு மின்னிச் சாக்கடைக்குள் விழுந்தது. டயர் பெருமூச்சு விட்டுத் தரையோடு படுத்துக்கொண்டது.

"அடப் பாவி!" என்றாள் அக்கா.

"ஸ்டெப்னி ஊசியக் கழட்டி இதுல போட்டுரலாம்க்கா."

போட்டார்கள். ஸ்டெப்னியும் படுத்துக்கொண்டது. மணி மூன்று. ஃபோன் ஒன்பதாவது முறையாக அடித்து ஓய்ந்தது.

சர்வேயர் நாலாவது டயரைப் பார்த்தார். மகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கழட்டு," என்றார். "ஒரு போர்வை எடு."

பூப்போட்ட போர்வையில் சுற்றிய சக்கரத்தை அவரும் மச்சானும் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து பெட்ரோல் பங்குக்கு நடந்தார்கள். மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன சார் போர்வைக்குள்ள?"

"வட்ட மேசை."

"மேசைக்கு எதுக்கு சார் நட்டு ஓட்டை?"

சர்வேயர் திரும்பிப் பார்க்காமல் போர்வையை இழுத்துவிட்டார்.

பங்க் ஊழியர் குழாயோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். "வண்டி எங்க சார்?"

"வண்டி வரல."

"டயர் மட்டும் வந்திருக்கா?"

"இருபத்தெட்டு அடி. கேள்வி கேக்காத."

ஒரே நிமிடத்தில் அடித்துக் கொடுத்தார். பையில் ஃபோன் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது சக்கரம் ஜீப்பில் ஏறியது. சர்வேயர் நாடாவைப் பிடித்தார். நாலு சக்கரமும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம். காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

"இப்ப வரச் சொல்லு அவங்கள. வந்து அளந்து பாக்கட்டும்."

வந்தார்கள். அதாவது, யாரும் கூப்பிடாமலே டிரைவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். காலெல்லாம் மணல். முகம் தொங்கிப்போயிருந்தது. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"ஐயா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. பொண்ணுக்கு இஷ்டமில்லையா?"

"யாருப்பா அப்படிச் சொன்னது?" என்றார் சர்வேயர்.

"யாரு சொல்லணும்? பதினோரு மணிலேர்ந்து ரெண்டு குடும்பத்துக்கும் சமைச்சு வச்சுட்டு மணல்ல உக்காந்திருக்கோம். ஃபோன் பண்ணா யாரும் எடுக்கல. மாப்பிள்ளத் தம்பி ஒரு வாய் சாப்பிடல."

"எந்த மணல்ல? எதுக்கு?"

டிரைவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நேத்து கிளம்பும்போது ஐயா உங்ககிட்டத்தானே சொன்னாரு? 'நாளைக்கு எல்லாரும் ஆத்துக்கு வந்துருங்க, நல்லா காத்து வாங்கிட்டு உக்காந்து பேசி முடிச்சிரலாம், அதுக்குத்தான் வண்டிய உங்ககிட்ட விடுறேன்'னு."

மனைவி புருஷனைப் பார்த்தாள். மச்சான் தகரப் பெட்டியை மெதுவாக மூடினார். சர்வேயர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு டிரைவரிடம் சொன்னாள்: "எனக்கு இஷ்டம்தான்னு சொல்லுங்கண்ணே. இல்ல, வேணாம். நானே வந்து சொல்றேன்."

"அப்ப ஏறுங்க எல்லாரும், இருட்டுறதுக்குள்ள போயிரலாம்." டிரைவரின் முகம் தெளிந்தது. சக்கரத்தருகே குனிந்தவர் திடுக்கிட்டார். "யாரு இப்படி காத்தடிச்சு வச்சது? இதோட மணல்ல இறங்கினா அச்சு வரைக்கும் புதைஞ்சிருமே! உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதானே இறக்கினபடியே விட்டு அனுப்பினோம்?"

சொல்லிக்கொண்டே வால்வில் விரல் வைத்தார். காலையிலிருந்து மிதித்தது, அளந்தது, சுமந்தது எல்லாம் ஒவ்வொரு டயராகப் 'புஸ்' என்று போனது. நாலு டயரும் பதினாறு. காலையில் நின்ற அதே அளவு.

சாவிக்கு ஜீப் அசையவில்லை. எல்லாரும் தள்ளினார்கள். தையல்காரரும் மாடியிலிருந்து இறங்கி வந்து தள்ளினார். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவர் இருந்தவர்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனாலும், சம்பந்தி வீட்டு வண்டியை அன்று எங்கள் வீட்டார் ஓசிக் காற்றில் ஓட்டினார்கள் என்று அந்த மாடி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது பொய். ஓசிக் காற்று இருந்தது நாலில் ஒரு டயரில் மட்டும். அதிலும் கிட்டத்தட்டப் பாதியை வாசலிலேயே திருப்பி விட்டாயிற்று.