நொத்தாரிசு முன் ஒரு மை மீசை

லூயிஷாமில் நொத்தாரிசின் அலுவலகப் படிகளை விட்டிறங்கி நடந்துகொண்டிருந்தோம். ராசன் அண்ணை முன்னால். நான் பின்னால், கை எட்டாத தூரத்தில். அவருடைய மேலுதட்டில் மை இன்னும் போகவில்லை.

அந்த நாட்களில் லண்டனில் அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவனெல்லாம் ஆலோசகன். நான் அதிலும் அரைகுறை. (ஒன்பதாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பியவனுக்கு வாய் மட்டும் பட்டதாரி.)

அண்ணையின் தகப்பன் ஊரில் இறந்திருந்தார். காணியை விற்றால்தான் கொழும்பு லொட்ஜில் ஒளிந்திருந்த தம்பியை வெளிநாட்டுக்கு எடுக்கலாம். அண்ணைக்குப் பதிலாகத் தாய் கையெழுத்திட அற்றோணித் தத்துவப் பத்திரம் வேண்டும்; அதில் அண்ணை நொத்தாரிசு முன் கையெழுத்திட வேண்டும். அதைக் கொண்டுபோகிறவருக்கு மறுநாள் விமானம்.

"பாஸ்போட்டில மயிர், மீசை எல்லாம் கிடக்கு. அப்பாவின்ர அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லாம் மழிச்சாப் பிறகு ஆர் நம்புவினம்?" என்றார் அண்ணை.

"தலைக்குத் தொப்பி, மீசைக்கு அக்காவின்ர கண் மை. நான் பாக்கிறன்" என்றேன்.

"உனக்கு விசரே?" என்றார் அக்கா, அண்ணையின் மனைவி.

"நொத்தாரிசு முத்திரை குத்திறவர்தானே அக்கா. முகத்தையே பாக்கப்போறார்?"

ஊரில் நொத்தாரிசு காணி உறுதி எழுதுவார். மூன்று தலைமுறையைத் தெரிந்தவருக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. லண்டனில் அவருடைய வேலையே அதுதான்: கையெழுத்திடுகிறவர் அவரேதானா, விளங்கித்தான் போடுகிறாரா என்று பார்ப்பது. அந்த முகத்துக்குத்தான் இந்த மேதை மை பூசிக் கூட்டிப்போனான்.

ஹீட்டர் சூட்டில் மீசை உதட்டுக்கு இறங்கியது. நொத்தாரிசுக் கிழவர் ஒரு டிஷ்யூ நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "மொட்டையாகவே வந்திருந்தால் காரணம் கேட்டிருப்பேன், வேறு ஆவணம் கேட்டிருப்பேன். வேடம் போட்டு வந்தவரை எப்படி நம்புவது?"

"இந்து சமயம்" என்றேன். மீசை வரையச் சொன்ன சமயம் எது என்று அவர் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

தெருவில் அண்ணை திரும்பினார். "டேய், அப்பாவுக்காக எடுத்த மீசை. அதை மையால திருப்பி வைச்சனியே!"

மொட்டையோடு மறுபடி போகத் துணியாமல், மீசை வளர்ந்த பிறகே வேறொரு நொத்தாரிசிடம் அண்ணை தனியே போனார். தம்பி இரண்டு மாதம் பிந்தி வந்து சேர்ந்தான். இன்றும் கலியாண வீடுகளில் என்னைக் காட்டி, "அண்ணைக்கு மீசை முளைக்குமட்டும் என்னை லொட்ஜ் மூட்டைப்பூச்சிக்குத் தின்னக் குடுத்த மனுசன்" என்கிறான்.

நானோ மை மீசைக்கு மறுநாள் காலையே அப்டன் பார்க் மீன்கடையொன்றில் சேர்ந்தேன். தலையை வெட்டி வாளியில் போடும் வேலை. எந்தத் தலை யாருடையது என்று உறுதிப்படுத்தச் சொல்லி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.