புனிதா மைக்கை வாங்கிய கதை

ரெம்பாவ் தோட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய ஹேமநாதன் மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் சசிதரன் கைகூப்பி எழுதுவது. சி ரூசாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க மாரியாத்தாளை வேண்டுகிறேன். இங்கு எல்லாரும் நலம். என் மானத்துக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

நாங்கள் குடியிருக்கும் தோட்டம் கைமாறியதும், வாங்கிய கம்பெனி எங்களை மம்பாவ் அடுக்குமாடிக்குப் போகச் சொன்னதும் நீங்கள் அறிந்ததே. டவுன் பக்கம் வந்தால்தான் தங்கைக்கு நல்லது என்று நீங்கள் சொன்னதால், ஊரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். நீங்கள் சேர்த்துவிட்ட சிரம்பான் பேச்சு வகுப்பில் ஜோனத்தன் சார் சொன்னதையெல்லாம் கூட்டத்தில் ஒன்றுவிடாமல் செய்தேன். கேள்வியோடு தொடங்கச் சொல்லியிருந்தார்; "நாம் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?" என்று கேட்டேன். பின்வரிசை மணியம், "மீட்டிங் முடிஞ்சா சாப்பிடத்தான்லா" என்றான். முக்கியமான இடத்தில் மௌனம் காக்கச் சொல்லியிருந்தார், காத்தேன். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துச் செல்லம்மா அக்கா தண்ணீரோடு ஓடி வந்தார். ஒருவர் கண்ணையே பார்த்துப் பேசச் சொன்னாரே என்று அர்ச்சுனனைப் பார்த்தேன். அவன் எழுந்து, "அண்ணே, உங்க வேன் கண்ணாடிய நான் உடைக்கல, என் ஆடுதான்" என்றான். கண்ணாடி உடைந்த விஷயமே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்தச் சிரிப்பில்தான் உங்கள் தங்கை புனிதா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். வீட்டில் உப்பு கேட்கிற அதே குரல், மச்சான்.

"போன மாசம், முன்ன நம்மகூட இருந்த ரோகினியோட மாமனார் தவறிட்டாரு. மம்பாவ்ல, நாலாவது மாடி. லிப்ட் ரோசாக், ஓடல. பெட்டிய படியில திருப்ப முடியல. நாற்காலில உட்கார வச்சுக் கட்டி இறக்குனாங்க. வேட்டி நழுவுச்சு. பிடிச்சுவிட ஒரு கை மிச்சமில்ல."

அங்கே நிறுத்தினாள். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷியை நான் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

"நான் யாரையும் கை தூக்கச் சொல்லல. நம்ம வீட்டுப் பெரியவங்கள நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க. மாடி வேணுமா, இந்த மண்ணுலயே தரை வீடு கேப்பமா?"

தரை வீட்டுக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. அதில் ஒன்று என்னுடையது. கம்பெனி ஆள் ஜார்ஜ்கூடப் பாதி தூக்கிவிட்டுத் தலை சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார். நேற்று அவரே வந்து, தோட்டத்து ஓரமாகத் தரை வீடு கட்டித்தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது என்று எழுத்தில் கொடுத்தார். செல்லம்மா அக்கா அழுதுவிட்டார்.

ஆகவே மச்சான், நீங்கள் சொன்னதற்கு மாறாக நடந்ததைப் பொறுத்தருள வேண்டும். அடுத்து வரும் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்குப் புனிதாதான் நிற்க வேண்டும். நான் இனி மேடையே ஏறமாட்டேன். இது என் இறுதி முடிவு. யார் சொன்னாலும் மாறாது.

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு முத்தமும் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சசிதரன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் புனிதா இதைப் படித்தாள். தலைவராக அவள் இல்லை, நான்தான் ஏன் நிற்க வேண்டும் என்று காப்பி ஆறுவதற்குள் விளக்கினாள். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பெயர் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை என் முதல் பேச்சு.