மூன்றாவது பாட்டில் வரும் விசில்

பாட்டுக் கேட்க ஒரு தகுதி வேண்டும், அந்தத் தகுதி சென்னையிலேயே தன் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்று மனமார நம்பிய ஒரே மனிதர், எங்கள் ஆபீஸ் வேன் டிரைவர் லைவ் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி ஃபைலில் எங்காவது இருந்திருக்கும். மேற்குத் தாம்பரத்தில் கிளம்பி, சிட்லபாக்கம், கேம்ப் ரோடு, மேடவாக்கம் என்று ஊர்ந்து சோழிங்கநல்லூர் போய்ச் சேரும் அந்த வேனில் மூன்று வருடம் கொத்தடிமைகளாகப் போய்வந்த பதினோரு பேருக்கும் அவர் லைவ் அண்ணன்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பென் டிரைவ். அதில் ஒரே ஒரு ஆல்பம். 'அரைப்படி' என்று ஒரு குழு, தெம்மாங்கையும் கிடாரையும் சேர்த்துப் பாடுகிற பையன்கள். தாம்பரம் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த அவர்கள் கச்சேரியை அப்படியே பதிவு செய்து லைவ் ஆல்பமாக வெளியிட்டிருந்தார்கள். அதில் ஒன்பது பாட்டு. காலையில் அந்த ஒன்பது, மாலையில் திரும்பவும் அதே ஒன்பது. என் மனைவியின் குரலைவிட அந்தப் பாடகன் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன்.

சும்மா கேட்டால் போதாது. வேனுக்குள் சட்டதிட்டம் இருந்தது. இயர்போன் மாட்டக் கூடாது. பாட்டு நடுவில் பேசக் கூடாது. பாட்டு முடிந்ததும், கச்சேரிக் கூட்டத்தோடு சேர்ந்து நாமும் கைதட்ட வேண்டும். முதல் வாரம் நான் தட்டவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் வேனை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், கை சுளுக்கிகிச்சா? அவ்ளோ ஜனம் தட்டிகினு கீது, நீங்க மட்டும் கல்லு கணக்கா குந்திகினு கீறீங்க?"

நான் ஒரு டீம் லீட். பதினேழு பேர் என்னிடம் லீவு கேட்டு நிற்பார்கள். வேன் நகர வேண்டுமே என்று கைதட்டினேன். அந்த அவமானத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேடவாக்கம் நெரிசலில் வேன் நின்றுவிட்டால் அடுத்த சடங்கு. நெட்வொர்க் பிரிவில் வேலை பார்த்த யூசுப், அந்த ஆல்பத்துக்குக் கீழே இணையத்தில் ரசிகர்கள் எழுதியிருக்கும் கமெண்டுகளை உரக்கப் படிக்க வேண்டும்.

"புச்சா இன்னா போட்டுகிறாங்கோ, பட்ச்சி சொல்லு தம்பி."

யூசுப் படித்தான். "கூட்டத்தோட சத்தம் ரொம்ப ஜாஸ்தி. ஸ்டுடியோல பாடினதே பெட்டர்."

லைவ் அண்ணன் ஹாரனை அழுத்திய அழுத்தில் முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் துள்ளிவிட்டார். "கூட்டம் வோணாமா? அப்பாலிக்கா அது இன்னாத்துக்கு லைவு? பிரியாணில கறிய பொறுக்கிப் போட்டுட்டு துன்ற ஆளு போல கீது!"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பாட்டில், பறை தொடங்குகிற இடத்தில், கூட்டத்திலிருந்து நீளமாக ஒரு விசில் கேட்கும். அங்கே மட்டும் வால்யூமைக் கூட்டிவிட்டு, தினமும், ஒரு நாள் விடாமல் சொல்வார்: "கேட்டீங்களா? அது யாரு? நாந்தான்."

ஒருத்தரும் நம்பவில்லை. டெஸ்டிங் பிரிவு ஜெனிஃபர் மேடம், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவர், ஒரு நாள் பொறுமை இழந்தார். "டெய்லி சொல்றீங்களேண்ணா, ஒரு தடவை அடிச்சுத்தான் காட்டுங்களேன்."

அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. வந்தது வெறும் காற்று. அந்த வருடம்தான் சர்க்கரை வியாதியில் மேல்வரிசை முன்பல் இரண்டையும் எடுத்திருந்தார்கள். வேனே சிரித்தது. "என்னண்ணா, டயர் பஞ்சரா?" என்று கேட்டவன் நான். நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் வேனில் பாட்டு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நாங்கள் எந்த அமைதிக்காக ஏங்கினோமோ அது கிடைத்தது, ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. அண்ணன் யாரிடமும் கோபப்படக்கூட இல்லை. "ஏறுங்க சார்", "எறங்குங்க மேடம்", அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, மேடவாக்கத்தில் நின்றபோது யூசுப் தன் போனைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் படித்தான். "மூணாவது பாட்டு விசில் நம்மளுதுதான் மச்சான்ஸ். கோவளம் பசங்க கெத்து." அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். கீழே ஒரே 'தலைவா', 'சிங்கமே'.

அண்ணன் கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்கவில்லை. "வுடு தம்பி. அவனுக்குப் பல்லு கீது. சொல்லிகினு போறான்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியாது. யார் இந்தப் பொடியன்? எத்தனை நாள், எத்தனை நெரிசலில் நாங்கள் அந்த விசிலோடு மாரடித்திருக்கிறோம்! கூசாமல் வந்து எடுத்துக்கொண்டு போவானா? அங்கேயே பதினோரு பேரும் போனை எடுத்தோம். ஆபீஸ் மெயில் எழுதியே பழகிய நான், "மேற்படி விசில் தொடர்பாகத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். "ப்ரூஃப் இருக்கா அங்கிள்?" என்று பதில் வந்தது. அங்கிளாம்! எனக்கு நாற்பத்தொன்றுதான்.

ஜெனிஃபர் மேடம்தான் ஆதாரம் கொடுத்தார். "அந்த விசில் பறைக்கு அரை நொடி முன்னாடியே வருது. எங்க டிரைவரும் சிக்னல் பச்சை ஆகறதுக்கு அரை நொடி முன்னாடியே கிளம்பறவர். வேற யாராவும் இருக்க முடியாது." ஆளுக்கு ஆள் கீழே ஆமாம் போட்டோம். வேன் சோழிங்கநல்லூரைத் தொடுவதற்குள் கோவளம் தன் கமெண்டை அழித்துவிட்டது. அண்ணன் பென் டிரைவைச் செருகினார்.

அன்று மாலை, தாம்பரத்தில் கடைசியாக இறங்கியவன் நான். "சார்" என்று கூப்பிட்டார்.

"அன்னிக்கி அந்த எடத்துல நூறு பேரு விசில் அட்ச்சாங்கோ சார். நானும் அட்ச்சேன். அது என்துதானான்னு மெய்யாலுமே எனக்கே தெர்ல. பல்லு இருந்தப்போ அட்ச்ச கடேசி விசிலு. அது எங்கியாச்சும் இருந்தா நல்லா இருக்கும்னு ஒரு ஆச, அவ்ளோதான். நீங்க எழ்துனத்த எட்த்துருங்க சார். உங்களுக்குப் பொய்யாப் பூடும்."

நான் அவர் தோளைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

இப்போது கம்பெனி வேனை நிறுத்திவிட்டது. அண்ணன் குன்றத்தூர் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுவதாகக் கேள்வி. நான் எழுதியதை இன்னும் எடுக்கவில்லை. அவ்வப்போது யாராவது வந்து ஆதாரம் கேட்கிறார்கள், நானும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போடுகிறேன். அது லைவ் அண்ணன் அடித்த விசில்தான். இல்லையென்று அவரே வந்து சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.