மார்கழிக்குப் பலாச்சுளை எடுத்து வைத்த விவரம்

குண்டனி நாடு,
ஆனி 25.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரேம் அவர்களுக்கு, மாமனார் சின்னுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை பாப்பாத்தியும் சுகம் என்று எழுதுவது முறை, ஆகையால் எழுதியிருக்கிறேன். பெங்களூரில் தாங்களும் என் மகள் சுகுணாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள், பலாப்பழம் உரிப்பது நாங்கள்தானே.

சுகுணாவுக்கு மசக்கை, பலாச்சுளை என்றால் உயிரை விடுகிறாள், மார்கழியில் பிரசவத்தின்போது சுளை கொடுப்பதானால் தாய்வீட்டுக்கு அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே ஆஸ்பத்திரி என்று போனில் உத்தரவு போட்டீர்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்ப்பது எங்கள் வழக்கம் என்றேன். ஆனியில் பழுப்பதை மார்கழியில் யாரும் கேட்பதில்லை என்பதும் வழக்கம்தான், அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையாச்சே! "ரொம்ப ஈஸி மாமா" என்று ஒரு வீடியோ அனுப்பினீர்கள். அதில் ஒரு அம்மாள் பத்தே நிமிஷத்தில் உரித்து, காயவைத்து, டப்பாவில் அடைத்து, சிரிக்கவும் செய்துவிட்டாள். கையில் ஒரு பொட்டுப் பிசின் இல்லை. எங்க கையில ஒட்டினது எண்ணெய் போட்டுத் தேய்ச்சும் மூணு நாள் போகலீங்க.

முதல்ல வாசல்ல வேட்டி விரிச்சுக் காயப் போட்டோம். இங்க மலை மேல ஆனி மாசம் மேகம் ஊட்டுக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டுப் போகுது. நாலாம் நாள் சுளைக்கு மீசை முளைச்சிருச்சு. சரி, கொஞ்ச வெயில் அடிச்சாலும் சூடு பிடிக்கிறது தார் ரோடுதானேன்னு, ஊர்க்காரங்க கேழ்வரகுக் கதிரைப் பரப்புற வளைவுலயே புதுச் சுளையைப் பரப்பினேன். அங்கதாங்க என் புத்தி புல் மேயப் போயிருச்சு! பஸ் டிரைவர் அண்ணாமலை நல்ல மனுசன், ரோட்டுல கதிர் கிடந்தா ஒதுங்காம மேல ஏத்தி மிதிச்சுக் குடுத்துட்டுப் போவான், மணி உதிரட்டும்னு. வந்தான், ஏத்தினான். ஐயோ ஐயோன்னு நான் கையை ஆட்டுனதை இன்னும் பத்தலைன்னு சொல்றதா நினைச்சு, பாவி, ரிவர்ஸ் எடுத்து இன்னொருக்கா ஏத்தினான். "போதுங்களாண்ணே?"ன்னு ஜன்னல்ல எட்டிப் பார்த்துக் கேட்டான். அவன் மேல கோபப்படக்கூட முடியலீங்க.

அப்புறம் வந்துச்சு உங்க ரெண்டாவது வீடியோ. சக்கரைப் பாகுல போட்டு பாட்டில் மூடியை இறுக்கணுமாம். இறுக்கினோம். எட்டாம் நாள் உங்க அத்தை சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கறா, முதுகுக்குப் பின்னால டமார், டமார்! பன்னிக்கு வெச்ச வேட்டுன்னு நினைச்சு நாயெல்லாம் ஓட்டம். புளிச்ச வாசம் தெருக்கோடி வரைக்கும் போய், நாலு பேரு கையில டம்ளரோட வந்து நின்னு, "எப்ப இருந்துண்ணே காய்ச்சறீங்க?"ங்கறாங்க. ஒரு சொட்டுத் தொடாத மனுசனுங்க நான். மானம் போச்சு.

ஆகவே மார்கழிக்கு எங்ககிட்ட ஒரு சுளைகூட இல்லீங்க. உங்க அத்தை ரெண்டு நாளா முந்தானையில மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருக்கறா. எம்புள்ளையை நீங்களே வெச்சுக்குங்க. பெரிய ஆஸ்பத்திரியில நல்லபடியாப் பாருங்க. பேரப்பிள்ளையை நாங்க போட்டோவுல பார்த்துக்கறோம். தோத்துட்டேனுங்க, ஒத்துக்கறேன்.

அறப்பளீஸ்வரர் கிருபையால் தங்களுக்குச் சகல சம்பத்தும், அதோடு கொஞ்சம் புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
சின்னுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது சுகுணா போன் பண்ணினாள். பலாப்பழ வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டுதாம். சுளைக்கு ஆசைப்பட்டது தாங்களாம்! வர்ற வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வாராளாம், பிரசவம் முடியற வரைக்கும் இங்கதானாம். உங்ககிட்டக் கேட்கலையாம், சொல்லச் சொன்னா, சொல்லிட்டேன். தோத்துட்டேன்னு எழுதுனதை அடிச்சிருங்க. குழந்தை பிறந்ததும் தகவல் சொல்றோம். தாராளமா வாங்க மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டு வாங்க.